ஹஸ்கி குட்டிக்கு உடம்பு சரியில்லையா? அறிகுறியைப் பார்த்து வழி பிடியுங்கள்

"அண்ணே, குட்டி ஒரு மாதிரியா இருக்கு." பெரும்பாலான அழைப்புகள் இப்படித்தான் தொடங்கும். ஒரு மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டால் பதில் வராது. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாய்களைக் குளிப்பாட்டி முடி வாரிவிடும் சின்னக் கடை வைத்திருக்கிறேன், வைத்தியன் இல்லை. ஆனால் தோட்டத்து லயங்களிலிருந்தும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளிலிருந்தும் வரும் ஹஸ்கி குட்டிகளுக்கு வருகிற கோளாறு திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான். அவற்றை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் குட்டியிடம் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் விழுங்குகிற காரணம் பிறகு வரும்.

நமக்கு நாய் டாக்டர் என்றால் பெரும்பாலும் ஈப்போதான். அங்கே குடியிருப்பவர் இரவு வரை "பார்ப்போம், பார்ப்போம்" என்று உட்கார்ந்திருக்கலாம். கிளினிக் எத்தனை மணிக்கு மூடும், கார் யாரிடம் இருக்கிறது, வீட்டுக்காரர் ஷிப்ட் எப்போது முடியும் என்று கணக்குப் போட்டால் நாம் மாலை நாலு மணிக்கே முடிவெடுத்தாக வேண்டும். அதனால் கீழே "கிளம்புங்கள்" என்று சொல்லும் இடங்கள் பட்டணத்துக்காரருக்குக் கொஞ்சம் அவசரமாகத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் பார்ப்பது

உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். சில குட்டிகளுக்கு ஈறில் பிறவியிலேயே கறுப்புத் திட்டு இருக்கும். அதை விட்டுவிட்டு மற்ற இடத்தில் பாருங்கள்.

அடுத்து உடல் சூடு. மூக்கைத் தொட்டுப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. மருந்துக் கடையில் விற்கும் சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை நாய்க்கென்றே வாங்கி வையுங்கள். நுனியில் கொஞ்சம் வேஸ்லின் தடவி, ஆசனவாயில் ஓர் அங்குலத்துக்குள் வைத்துப் பாருங்கள். 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை சரியான அளவு. மனிதக் கணக்கில் அது காய்ச்சல் என்று பதறிப்போய் அழைப்பவர்கள் உண்டு. நாய்க்கு அதுதான் இயல்பு.

குட்டி நன்றாக இருக்கும் நாளிலேயே இந்த இரண்டையும் ஒருமுறை பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். நல்ல ஈறு எப்படி இருக்கும் என்று தெரியாதவருக்குக் கெட்ட ஈறும் தெரியாது.

## நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்குகிறது

இந்த ஊரில் ஹஸ்கி வளர்ப்பவர் முதலில் படிக்க வேண்டிய தலைப்பு இது. சைபீரியக் குளிருக்காக உருவான இனம். உடம்பில் இரண்டு அடுக்கு முடி: மேலே நீளமான காவல் முடி, அடியில் பஞ்சு போன்ற மயிர். நம் ஊரில் பகல் 33 டிகிரி, காற்றில் ஈரம் வேறு. நாய்க்கு மூச்சு வழியாகத்தான் சூடு வெளியேற வேண்டும்; காற்றே ஈரமாக இருந்தால் அதுவும் சரியாக நடக்காது. அதனால் வெயில் இல்லாத, மழை வரப்போகிற புழுக்கமான மதியமும் ஆபத்துதான். இதைப் பலர் நம்புவதில்லை.

### ஓடி விளையாடிய பிறகு மட்டும் என்றால்

நிழலில் சிமெண்டுத் தரையில் விடுங்கள், காத்தாடியைத் திருப்புங்கள், தண்ணீர் வையுங்கள். 10 நிமிடத்தில் மூச்சு அடங்கினால் கவலையில்லை. நடைக்குக் கூட்டிப்போகும் நேரத்தை மாற்றுங்கள்: காலை 7 மணிக்கு முன், அல்லது பொழுது சாய்ந்து தார் ஆறிய பிறகு. புறங்கையைத் தாரில் 7 விநாடி வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதத்துக்கும் அது ஆகாது.

### சும்மா படுத்திருக்கும்போதே என்றால்

இடத்தைப் பாருங்கள். கூண்டு தகரக் கூரைக்கு அடியிலா? மதியம் இரண்டு மணிக்கு நீங்களே அந்தக் கூண்டுக்கு அருகில் குந்தி ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள், விஷயம் புரியும். கூண்டை வீட்டுக்குள், டைல்ஸ் தரைக்கு மாற்றுங்கள். இரவெல்லாம் ஏர்கோன் போட்டால்தான் ஹஸ்கி பிழைக்கும் என்பது மிகைதான். ஆனால் பகல் 11 முதல் 5 வரை நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தரை மூன்றும் இருந்தே ஆக வேண்டும். பெரிய தண்ணீர் போத்தலை உறைய வைத்து, துணியில் சுற்றிப் பக்கத்தில் போட்டால் குட்டி தானே போய் ஒட்டிக்கொள்ளும்.

இடத்தை மாற்றியும், இரவுக் குளிரிலும் மூச்சு வாங்கினால் காய்ச்சல், வலி, இரத்தச் சோகை, நுரையீரல் என்று காரணம் வேறு. சூடு பாருங்கள், ஈறு பாருங்கள். புகைமூட்டக் காலத்தில் இருமலோடு சேர்ந்து வந்தால் நடையை நிறுத்தி வீட்டுக்குள் வையுங்கள். இரண்டு நாளில் குறையாவிட்டால் கிளம்புங்கள்.

### தள்ளாடுகிறது, கயிறு மாதிரி எச்சில், ஈறு கடும் சிவப்பு

சூடு 40-ஐத் தாண்டியிருக்கும். 41 என்றால் உயிருக்கு ஆபத்து. தெர்மாமீட்டரைத் தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். முதல் வேலை குளிர்விப்பது, அதற்கப்புறம்தான் கார்.

குழாய்த் தண்ணீரை வயிறு, உள்தொடை, அக்குள், பாதம் எல்லாவற்றிலும் ஊற்றுங்கள். ஹஸ்கியின் மேல்முடி தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும். விரலால் முடியைப் பிரித்து, தோல் நனைகிற வரைக்கும் ஊற்ற வேண்டும். நனைந்த உடம்பில் காத்தாடிக் காற்று படட்டும். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விடாதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும். மயங்கிக் கிடக்கிற குட்டியின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடு 39.5-க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, கார் ஏர்கோனை முழுதாகப் போட்டுக் கிளம்புங்கள்.

எழுந்து வாலாட்டினாலும் போக வேண்டும். சிறுநீரகம், இரத்தம் உறைதல் இரண்டிலும் சேதம் ஓரிரு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்லிவிடுகிறேன். "சூடு தாங்கல, மொட்டை அடிச்சிடுங்கண்ணே" என்று குட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அடிக்க மாட்டேன். அந்த முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது. ஒட்ட மழித்த ஹஸ்கிக்கு முடி திட்டுத் திட்டாக வளர்வதும், மாதக்கணக்கில் வளராமலே நிற்பதும் உண்டு. அடிமயிரை வாரி எடுத்தால் போதும், காற்று உள்ளே போகும்.

## வயிற்றுப்போக்கு, வாந்தி

### கழிச்சல் இளகல், ஆனால் துள்ளுகிறது, சாப்பிடுகிறது

தீனியை மாற்றினீர்களா? பழைய தீனியில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில்தான் மாற்ற வேண்டும். பால் கொடுத்தீர்களா? டின் பால், தே தாரிக் மிச்சம், மைலோ எதுவும் வேண்டாம். பால் பல குட்டிகளுக்கு ஒத்துக்கொள்ளாது, மைலோவில் கொக்கோ இருக்கிறது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்க வேண்டும். முதல் முறை ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றிரண்டு நாள் உப்பு, மஞ்சள், வெங்காயம் எதுவும் சேர்க்காமல் அவித்த கோழிச் சதையும் சோறும் சிறிது சிறிதாகக் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். மனிதருக்கான வயிற்றுப்போக்கு மாத்திரை கொடுக்காதீர்கள்.

அடுத்த காரணம் பூச்சி. குட்டி பிறக்கும்போதே தாயிடமிருந்து உருண்டைப் புழுவோடு வரலாம். முதல் இரண்டு மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை பூச்சி மருந்து என்பது பொதுவான கணக்கு. அளவு எடையைப் பொறுத்தது, எடை போடாமல் கொடுக்காதீர்கள். கழிச்சல் தார் மாதிரி கறுத்து, ஈறும் வெளுத்திருந்தால் கொக்கிப் புழு இரத்தம் குடிக்கிறது என்று சந்தேகப்படலாம். சின்னக் குட்டிக்கு அது விளையாட்டில்லை, அன்றே கிளம்புங்கள்.

மருந்து கொடுத்தும் மூன்று நாளைத் தாண்டி இழுத்தால் மலத்தில் கொஞ்சம் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு போங்கள். சாதாரணப் பூச்சி மருந்துக்குக் கட்டுப்படாத நுண்ணுயிர்கள் உண்டு. டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும்.

### வாந்தியும் சேர்ந்து, சோர்ந்து படுத்துவிட்டது

தடுப்பூசி அட்டையை எடுங்கள். குட்டிகளின் குடலைத் தாக்கும் வைரஸ் நோயான பார்வோவுக்குத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்றாக, குட்டிக்கு 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். "விக்கும்போதே ஊசி போட்டாச்சுன்னு சொன்னாங்க" என்பது ஒரே ஊசியாக இருக்கும். அது போதாது.

பார்வோவில் முதலில் சாப்பாட்டை வெறுக்கும், பிறகு வாந்தி, அதற்குப் பிறகு இரத்தம் கலந்த, மூக்கைப் பொத்த வைக்கும் கழிச்சல். இரத்தம் வரும்வரை காத்திருப்பதுதான் இங்கே பெரும்பாலும் நடக்கிற தப்பு. நான்கு மாதத்துக்குக் குறைந்த குட்டி, ஊசி முடியவில்லை, இரண்டு முறைக்கு மேல் வாந்தி, சாப்பிடவில்லை: இவ்வளவு போதும், கிளம்புங்கள். போகும் முன்பே கிளினிக்குக்கு அழைத்து "பார்வோவாக இருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். மற்ற குட்டிகள் இருக்கும் இடத்தில் உட்கார வைக்க மாட்டார்கள். ஊசி வழித் தண்ணீர், தங்க வைத்துப் பார்ப்பது என்று செலவு ஆயிரம் ரிங்கிட்டைச் சாதாரணமாகத் தாண்டும். ஆனால் சீக்கிரம் போன குட்டிகள் பிழைத்து வருகின்றன.

வீட்டில் கழிவைத் துடைத்தெடுத்த பிறகு, குளோரோக்ஸ் மாதிரி ப்ளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து தரையில் ஊற்றி 10 நிமிடம் ஊற விடுங்கள். இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தெருநாய் போய்வரும் புல்தரையில், ஊசிகள் முடியாத குட்டியை இறக்கிவிட வேண்டாம் என்று நான் தொண்டை வற்றச் சொல்வது இதற்காகத்தான்.

### கண்ணின் வெள்ளை மஞ்சளாகிறது, சிறுநீர் கறுக்கிறது

எலிச் சிறுநீர் வழியாக வரும் நோயாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலிக்குப் பஞ்சமில்லை. மழைக்குப் பிறகு லோங்காங் (சாக்கடை) தண்ணீரைக் குட்டி நக்கும். கையுறை இல்லாமல் அதன் சிறுநீரைத் துடைக்காதீர்கள். எலி நோய் மனிதருக்கும் தொற்றும். வீட்டு வைத்தியத்துக்கு இதில் இடமே இல்லை. இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு, எல்லாக் கலவையிலும் அது சேர்ந்து வராது. ஊசி போடும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

## சாப்பிடவில்லை

வாந்தி, பேதி எதுவும் இல்லாமல் சும்மா முரண்டு பிடிக்கிறதா? ஹஸ்கி அதன் உருவத்துக்குக் குறைவாகத்தான் சாப்பிடும். வெயில் நேரத்தில் வைத்தால் மோந்துவிட்டுப் போய்விடும். காலை வெயிலுக்கு முன்பும் இருட்டிய பிறகும் வைத்துப் பாருங்கள். 15 நிமிடத்தில் தீனித் தட்டை எடுத்துவிடுங்கள். கறிக்குழம்பு ஊற்றிப் பழக்கினால் பிறகு வெறும் தீனியைத் தொடாது, அந்தப் பழக்கம் குட்டியுடையது மட்டுமில்லை.

பல் மாறும் மூன்று முதல் ஆறு மாதத்தில் ஈறு வலிக்கும். தீனியை வெந்நீரில் ஊறவைத்து ஆறிய பின் கொடுங்கள். அந்த வயதில் செருப்பு, ஒயர், நாற்காலிக் கால் எல்லாவற்றையும் கடிக்கும். துணியை முடிச்சுப் போட்டு நனைத்து உறைய வைத்துக் கொடுத்தால் அடங்கும்.

மூன்று மாதக் குட்டி அரை நாளுக்கு மேல் எதையுமே தொடவில்லை என்றால், அல்லது எந்த வயதானாலும் சாப்பாட்டோடு சேர்த்துத் துள்ளலும் போய்விட்டது என்றால், சூடு பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

## சொறிகிறது, நாறுகிறது

என் கடைக்கு வரும் ஹஸ்கிகளில் பெரும்பங்கு இதற்காகத்தான். பாதிக்கு மேல் ஒரே காரணம்: குளிப்பாட்டிய ஈரம் காயவில்லை.

மேல்முடி காய்ந்து பளபளக்கும், அடிமயிர் இரவு வரை ஈரமாகவே கிடக்கும். காதுக்குப் பின்னால், பிட்டத்துக்கு மேல், பின்தொடை முடி மூன்று இடத்திலும் முடியைப் பிரித்துக் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குளிப்பாட்டினால் போதும். வெயில் இருக்கும் காலையில் குளிப்பாட்டுங்கள். மாலை ஐந்து மணிக்கு, மழை இருட்டும்போது வேண்டாம். துண்டால் ஒற்றியெடுத்து, டிரையரைக் குளிர்காற்றில் வைத்து, சீப்பால் முடியைப் பிரித்துப் பிரித்துத் தோல் வரை காயவைக்க வேண்டும். நம் ஷாம்பூ, துணி சோப்பு, டெட்டோல் எதுவும் வேண்டாம்.

### ஒரே இரவில் ஈரமான சிவந்த புண்

ஈரமும் நக்கலும் சேர்ந்து வந்தது. சுற்றியுள்ள முடியைக் கவனமாக வெட்டிக் காற்றுப் பட விடுங்கள். இரண்டு கோப்பைக் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்புக் கலந்து ஒற்றி எடுத்து, உலர விடுங்கள். நக்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டுங்கள். ஒரு நாளில் புண் உலரத் தொடங்காவிட்டால், அல்லது உள்ளங்கை அளவைத் தாண்டினால், மருந்து தேவை.

### வட்டமாக முடி உதிர்ந்த இடம்

படர்தாமரையாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ஒட்டும். சொறிப் பூச்சியாக இருந்தால் காது ஓரம், முழங்கை எல்லாம் விடாமல் அரிக்கும். அரிப்பே இல்லாமல் கண்ணைச் சுற்றி முடி கொட்டினால் அது வேறு வகைப் பூச்சி. மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு. தோலைச் சுரண்டிப் பார்க்காமல் எது என்று நானும் சொல்ல மாட்டேன், கடைக்காரர் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இங்கே ஒரு பழைய கெட்ட பழக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சொறிநாய்க்கு மோட்டார் கருப்பெண்ணெய் தடவுவது. "எங்க அப்பா காலத்துல லயத்துல எல்லா நாய்க்கும் இதைத்தான் தடவுனாங்க" என்பார்கள். குட்டி அதை நக்கும், அந்த எண்ணெய் உள்ளே போய்க் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். ஹஸ்கியின் அடர்த்தியான மயிரில் பூசினால் கழுவவும் முடியாது, உடம்புச் சூடும் வெளியேறாது. மண்ணெண்ணெய்க்கும் இதே கதைதான். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுங்கள், நான் தடுக்கவில்லை. அதோடு நோய் தீர்ந்தது என்று மட்டும் நினைக்காதீர்கள்.

### தலையை ஆட்டுகிறது, காதில் நாற்றம்

காதுக்குள் தண்ணீர் போயிருக்கும். வெளிமடலை மட்டும் துடையுங்கள், பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள். பழுப்பு நிற அழுக்கோடு புளித்த வாடை வந்தால் சொட்டு மருந்து வேண்டும். காதுச் சவ்வு நன்றாக இருக்கிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான் அதை ஊற்ற வேண்டும்.

### கண், வாய் சுற்றிலும் பொருக்கு

மருந்து எதற்கும் போகாமல் திரும்பத் திரும்ப வந்தால், துத்தநாகச் சத்து உடம்பில் ஏறாத குறையா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஹஸ்கி இனத்தில் இது அறியப்பட்ட கோளாறு. துத்தநாக மாத்திரையைச் சொந்தமாக வாங்கிக் கொடுக்காதீர்கள், அளவு மீறினால் அதுவே நஞ்சு.

## உண்ணி

காதுக்குள், விரலிடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள். தினமும் இந்த இடங்களில் கை வைத்துத் தடவுங்கள். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, மண்ணெண்ணெய் வேண்டாம். விரலால் நசுக்கவும் வேண்டாம்.

நாயிலிருந்து எடுத்தால் மட்டும் தீராது. நம் ஊர் நாய் உண்ணி சுவர் வெடிப்பில், கூண்டு இடுக்கில் ஏறி முட்டையிடும். கூண்டுத் துணியை வெந்நீரில் துவையுங்கள், இடுக்குகளைச் சுத்தம் செய்யுங்கள். மாதாந்தர மாத்திரை அல்லது கழுத்தில் விடும் சொட்டு மருந்து, எடைக்கும் வயதுக்கும் ஏற்றது எது என்று கேட்டு வாங்குங்கள். குட்டிக்கு வலிப்பு வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சில மாத்திரைகள் அதற்கு ஆகாது. வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்து பக்கமே போகாதீர்கள், பூனை செத்துப்போகும். மாட்டுக்கு வைத்திருக்கும் மருந்து, தோட்டத்தில் அடிக்கும் மருந்து இரண்டும் குட்டிக்கு இல்லை.

காய்ச்சல், வெளுத்த ஈறு, வயிற்றில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளி, மூக்கில் இரத்தம், கோப்பி நிறச் சிறுநீர். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உண்ணிக் காய்ச்சலுக்கு இரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை வாரக்கணக்கில் கொடுக்கச் சொல்வார்கள். மூன்றாம் நாள் குட்டி துள்ளத் தொடங்கியதும் நிறுத்துகிறவர்கள்தான் திரும்ப வருகிறார்கள்.

## முடி கொத்துக் கொத்தாக வருகிறது

தோல் நன்றாக இருந்தால் இது நோய் இல்லை. குட்டி மயிர் உதிர்ந்து பெரிய முடி வரும் வயது, அதோடு நம் ஊரில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால் வருஷம் முழுக்கக் கொட்டும். அடிமயிர் வாரும் சீப்பு ஒன்று வாங்கி வாரம் மூன்று முறை வாருங்கள். வீட்டுக்குப் பின்னால், காற்று உங்கள் பக்கமே அடிக்கும்போது வாருங்கள். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) காயப்போட்ட துணியில் நாய்முடி போய் ஒட்டினால் அவருக்கு அது வெறும் எரிச்சலோடு போகிற விஷயமில்லை, சமயச் சுத்தம் சம்பந்தப்பட்டது. கேட்காமலே நாம் கவனிக்க வேண்டியது.

தோல் தெரிகிற அளவுக்குத் திட்டாகக் கொட்டினால் மேலே சொறி தலைப்புக்குப் போங்கள்.

## நொண்டுகிறது

விரலிடுக்கை முதலில் விரித்துப் பாருங்கள். செம்பனை மட்டை முள் குத்தி ஒடிந்து உள்ளேயே நிற்கும். மேலே சின்னக் கறுப்புப் புள்ளிதான் தெரியும். நுனி வெளியே இருந்தால் சாமணத்தால் எடுத்து உப்புத் தண்ணீரில் கழுவுங்கள். உள்ளே புதைந்திருந்தால் தோண்டாதீர்கள். இரண்டு நாளில் வீங்கிச் சீழ் வைக்கும், டாக்டர் கீறித்தான் எடுக்க வேண்டியிருக்கும். தாரில் வெந்த பாதம் என்றால் உள்ளங்கால் பளபளத்துக் கொப்புளித்திருக்கும்.

பாதம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் ஒருநாள் இந்தக் கால், மறுநாள் அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டினால் வளரும் எலும்பின் வலியாக இருக்கலாம், உண்ணிக் காய்ச்சலும் மூட்டைப் பிடிக்கும். பின்காலைச் சேர்த்து முயல் மாதிரி குதித்து ஓடினால் இடுப்பு மூட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்வார்கள். காலை ஊன்றவே இல்லை என்றால் அன்றே கிளம்புங்கள். பெனடோல், நம் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். நாயின் கல்லீரல் அதைத் தாங்காது.

## எதையோ தின்றுவிட்டது, வாயில் நுரை

தேரையைக் கவ்வியிருந்தால் உடனே நுரை தள்ளும். தலையைக் கீழே சாய்த்து, வாயின் பக்கவாட்டிலிருந்து குழாய்த் தண்ணீர் விட்டு, ஈரத் துணியால் ஈறைத் துடையுங்கள். தண்ணீர் தொண்டைக்குள் போகக் கூடாது. நுரை நின்று இயல்பாகிவிட்டால் சரி. நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு என்றால் கிளம்புங்கள்.

எலி மருந்து வேறு கதை. செம்பனை மரத்தடியில் வைக்கும் மெழுகுக் கட்டியைக் குட்டி தின்றால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறில், மூக்கில், கழிச்சலில் இரத்தம் கசியும். பலர் அந்த நாளில்தான் வருகிறார்கள். தின்றதைப் பார்த்தீர்கள் என்றாலே, குட்டி சிரித்துக்கொண்டிருந்தாலும், அந்த மணி நேரத்திலேயே கிளம்புங்கள். உறை கிடைத்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் மண்டோருக்கு (தோட்டத்து மேற்பார்வையாளர்) அழைத்து எந்த மருந்து வைத்தார்கள் என்று கேளுங்கள். மாற்று மருந்து வைட்டமின் கே 1, வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். எந்தப் பகுதியில் எந்த நாள் மருந்து வைக்கிறார்கள், புல் மருந்து அடிக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் அந்தப் பக்கம் நடைக்குப் போகாமல் இருக்கலாம். பாராகுவாட் என்ற புல் மருந்துக்கு மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தடை. ஸ்டோரில் பழைய போத்தல் மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சு: பாயசத்து உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சாக்லேட், சர்க்கரையில்லாச் சூயிங்கம். வெந்த கோழி எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். ரம்புத்தான் கொட்டையும் மாங்கொட்டையும் குடலை அடைக்கும். விழுங்கிய பிறகு விடாமல் வாந்தி, கழிச்சல் வரவில்லை என்றால் எக்ஸ்ரே, அறுவை என்று போகும். வாந்தி எடுக்க வைக்க உப்புக் கரைசல் கொடுக்காதீர்கள், உப்பே குட்டியைக் கொல்லும்.

## ஊளை, தோண்டல், ஓட்டம்

ஹஸ்கி குரைப்பதைவிட ஊளையிடும், அதுதான் அதன் பேச்சு. தனியாக விட்டதாலா, புழுக்கமா, பசியா, ஓட்டம் போதவில்லையா என்று இந்த வரிசையில் பாருங்கள். விடிகாலை நடையும், தீனியைத் துண்டில் சுருட்டி மோந்து தேட வைப்பதும் பாதி ஊளையை அடக்கும். அடித்தால் அடங்காது. இதுவரை ஊளையிடாத குட்டி திடீரென்று இரவில் அழுது, வயிற்றைத் தொட விடாமல் இருந்தால் அது வலி, டாக்டரைப் பாருங்கள்.

தோண்டுவது பெரும்பாலும் குளிர்ந்த மண்ணில் படுக்கத்தான். நிழலில் ஓரிடத்தில் மண்ணை நனைத்து அதற்கென்று விட்டுவிடுங்கள். வேலிக்கு அடியில் தோண்டினால் கம்பி வலையை ஓரடி ஆழத்துக்குப் புதையுங்கள், அல்லது சிமெண்டுக் கல் வரிசை வையுங்கள். கேட்டுக் கம்பி இடைவெளியில் தலை நுழைந்தால் உடம்பும் நுழையும்.

கூப்பிட்டால் திரும்பி வரும் என்று நம்பிக் கயிற்றை அவிழ்க்காதீர்கள். இது ஓடுவதற்கென்றே உருவான இனம். கோழியைக் கண்டால் காது கேட்காது. பக்கத்துக் கோழியைக் கடித்துவிட்டால் காசைக் கொடுத்துச் சமாதானம் பேசுங்கள், குட்டியை அடிப்பதில் பலனில்லை, வேலியை உயர்த்துங்கள். தீபாவளி, சீனப் பெருநாள் பட்டாசு இரவுகளில் மாலையிலேயே வீட்டுக்குள் அடைத்து, காத்தாடியும் டிவியும் ஓடவிடுங்கள். கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் இருக்கட்டும், நகராண்மைக் கழக உரிமத்தை எடுத்து வையுங்கள், மைக்ரோசிப்பும் போட்டுவிடுங்கள். காணாமல் போனால் முதலில் ரோட்டோரத்தையும் கோழி வளர்க்கும் வீடுகளையும் தேடுங்கள், பிறகு நகராண்மைக் கழகத்துக்கு அழையுங்கள், ஈப்போ கிளினிக்குகளுக்குப் படத்தை அனுப்புங்கள். வெயில் ஏறும் முன்பே தேடத் தொடங்குங்கள்.